கட்டைக்குரல் என்று ஒதுக்கினார்கள்... இரண்டு பெயரில் சிதறிக் கிடக்கும் உஷா உதுப் ஹிட்ஸ்!

குலசேகரம் வட்டாரத்தில் கோயில் உற்சவமோ சர்ச் திருவிழாவோ, ராத்திரி ஒரு கானமேளா இருந்தால்தான் கூட்டம் கடைசி வரை உட்காரும். முதலில் பக்திப் பாட்டு. பிறகு யேசுதாஸ், எஸ்.பி.பி. என்று தமிழும் மலையாளமும் மாறி மாறி வரும். கடைசி அரை மணி நேரம் 'அடிபொளி' பாட்டுகளுக்கு. சேரை ஓரமாகத் தள்ளிவிட்டு இளவட்டங்கள் ஆட இறங்கும் நேரம் அது.

அந்தக் கடைசி அரை மணி நேரத்துக்கென்றே ஒரு குரல் தேவைப்படும். இனிமையாக இருந்தால் போதாது. மைக்கைப் பிடித்த கையோடு மைதானத்தின் பின்வரிசையையும் பிடித்து இழுக்கிற பெண் குரலாக இருக்க வேண்டும். மேடைக்கு மேடை பாடகி மாறுவார். ஆனால் இந்தியாவில் அப்படிப் பாட முடியும் என்று முதலில் காட்டியவர்களில் ஒருவர், காஞ்சிபுரம் பட்டும் பெரிய பொட்டுமாக மேடையேறும் உஷா உதுப்.

1969இல் தொழில்முறையாகப் பாடத் தொடங்கியவர். 2011இல் பத்மஸ்ரீ, 2024இல் பத்மபூஷண். இத்தனை வருடப் பாட்டுகளில் சிறந்தவற்றை ஒரே தொகுப்பாகக் கேட்க நினைத்து, 'பெஸ்ட் ஆஃப் உஷா உதுப்' என்று போனில் தேடுகிறீர்கள் என்று வையுங்கள். பெரும்பாலும் வரிசையாக வந்து நிற்பவை 1980களின் இந்தி டிஸ்கோ பாட்டுகள். நல்ல பாட்டுகள்தான், சந்தேகமில்லை. ஆனால் உஷா உதுப் அதற்கு முன்னாலும் பாடினார், பின்னாலும் பாடினார். தமிழிலும் பாடினார். அந்தப் பாட்டுகளெல்லாம் எங்கே போயின?

சிலோன் ரேடியோவில் ஒன்பது வயசுக் குரல்

உஷா 1947 நவம்பர் 7 அன்று மும்பையில் பிறந்தார். தமிழ்க் குடும்பம். அப்பா போலீஸ் அதிகாரி. அக்காக்களும் பாடகிகளே. 'சாமி சிஸ்டர்ஸ்' என்று மும்பையில் பெயர் வாங்கியவர்கள். அதில் ஒருவரான உமா போச்சா பாடிய 'பாம்பே மேரி ஹை' இன்றைக்கும் மும்பைக்காரர்களின் செல்லப் பாட்டு.

வீட்டில் இத்தனை பாட்டு இருந்தும் பள்ளியில் கதை வேறு. உஷாவின் குரல் கனமாக இருக்கிறது, மற்றப் பிள்ளைகளோடு சேரவில்லை என்று பாட்டு வகுப்பிலிருந்து வெளியே அனுப்பிவிட்டார்கள். ஆனால் அந்தப் பிள்ளைக்குள் இசை இருக்கிறது என்பது ஆசிரியைக்குத் தெரிந்திருந்தது. பாட வேண்டாம், இதைத் தட்டு என்று முக்கோணக் கம்பி மாதிரியான தாளக் கருவிகளைக் கையில் கொடுத்தார்.

நம் ஊரில் இதற்கு ஒரு பேச்சே உண்டு. 'ஆம்பளத் தொண்டை'. பள்ளி ஆண்டு விழாவுக்குப் பாட ஆள் எடுக்கும்போது அந்தச் சொல்லைக் கேட்டு வரிசையிலிருந்து விலகிப் போன பெண்பிள்ளைகள் எத்தனையோ பேர். தமிழ் சினிமா பல காலம் பெண் குரல் என்றால் மெல்லியதாக, உச்சத்தில் நிற்பதாக இருக்க வேண்டும் என்றே நம்பியது. கே.பி.சுந்தராம்பாள் மாதிரிக் கம்பீரமான குரலுக்கு ஔவையாரும் பக்தியும் கிடைத்தன. எல்.ஆர்.ஈஸ்வரிக்கு கிளப் டான்ஸ் கிடைத்தது, அப்புறம் அம்மன் வந்தாள். கதாநாயகி வாயசைக்கும் காதல் பாட்டு மட்டும் பெரும்பாலும் வேறு தொண்டைக்குத்தான் போனது. குமரி மாவட்டத்து சர்ச் பாடகர் குழுவில் இந்த விஷயம் கொஞ்சம் நியாயமாக நடக்கும். பெண் குரலில் சொப்ரானோ ஒரு வரிசை, ஆல்ட்டோ ஒரு வரிசை. தடித்த குரல் உள்ள பெண் ஆல்ட்டோவில் போய் நிற்பாள், அவள் இல்லாவிட்டால் பாட்டு நிறையாது.

பள்ளிக்கூடம் கொடுக்காத மைக்கை உஷாவுக்கு ரேடியோ கொடுத்தது. அக்காக்கள் மூலமாக அறிவிப்பாளர் அமீன் சயானியின் அறிமுகம் கிடைத்தது. ரேடியோ சிலோனின் 'ஓவல்டின் மியூசிக் ஹவர்' நிகழ்ச்சியில் 'மாக்கிங்பேர்ட் ஹில்' என்ற ஆங்கிலப் பாட்டைப் பாடினார். அப்போது அவருக்கு வயது ஒன்பது.

சிலோன் ரேடியோ என்றால் தென்மாவட்டத்துப் பெரியவர்கள் முகத்தில் இன்றும் ஒரு வெளிச்சம் வரும். உள்ளூர் நிலையத்தைவிடத் தெளிவாகக் கடல் தாண்டி வந்த சத்தம். பின்னாளில் தமிழ்ப் பாப் என்ற பேச்சு வந்தாலே நினைவுக்கு வரும் 'சுராங்கனி' புகழ் ஏ.ஈ.மனோகரன் அந்தத் தீவிலிருந்து வந்தவர். 2018இல் சென்னையில் காலமானார். அவருடைய பாட்டுகளைத் தனியாகத்தான் பேச வேண்டும், இன்னொரு வாரம் பார்க்கலாம்.

மவுண்ட் ரோட்டில் ஒரு புடவை

1969. சென்னை மவுண்ட் ரோட்டில் சஃபையர் தியேட்டர் வளாகத்தில் 'நைன் ஜெம்ஸ்' என்று ஒரு நைட் கிளப் இருந்தது. இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த உஷா அங்கேதான் முதன்முதலாகத் தொழில்முறையில் பாடினார். அதுவும் புடவையில். நைட் கிளப் பாடகி என்றாலே சினிமா காட்டிய பளபள உடைதான் எல்லோர் மனதிலும் இருந்தது. நடுத்தரத் தமிழ்க் குடும்பத்துப் பெண் கல்யாண வீட்டுக்குப் போவதுபோல் உடுத்திக்கொண்டு வந்து ஆங்கிலப் பாட்டுப் பாடினால் எப்படி இருந்திருக்கும்! யோசித்துச் செய்த ஸ்டைல் இல்லை, தனக்குத் தெரிந்த உடை அதுதான் என்றே அவர் பல பேட்டிகளில் சொல்லிவந்திருக்கிறார். சஃபையர் கட்டடம் இன்று இல்லை. புடவை இருக்கிறது. காலுக்குப் பட்டுத்துணி வைத்துத் தைத்த ஸ்னீக்கர்ஸும், நெற்றியில் கொல்கத்தாவைக் குறிக்கும் வங்காள 'க' எழுத்தும் பிற்பாடு சேர்ந்துகொண்டன.

சென்னையிலிருந்து மும்பையின் 'டாக் ஆஃப் தி டவுன்', அங்கிருந்து கொல்கத்தா பார்க் ஸ்ட்ரீட்டின் 'ட்ரின்காஸ்'. கணவர் ஜானி சாக்கோ உதுப்பைச் சந்தித்தது ட்ரின்காஸில்தான். அவர் கேரளத்துக்காரர். 2024 ஜூலையில் காலமானார்.

தொகுப்பு தேடுகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். கல்யாணமாகி 'உதுப்' ஆகும்வரை அவர் உஷா ஐயர். 'ஜம்பலாயா', 'கிரீன்பேக் டாலர்', 'ஸ்காட்ச் அண்ட் சோடா' போன்ற தொடக்க கால ரெக்கார்டுகள் அந்தப் பெயரில் வந்தவை. 1971இல் வந்த 'ஹரே ராமா ஹரே கிருஷ்ணா' படத்தில் ஆஷா போஸ்லேயோடு பாடிய 'ஐ லவ் யூ' பாட்டுக்கும் உஷா ஐயர் என்றே பெயர் போட்டார்கள். ஒரு பாடகி, இரண்டு பெயர். கம்ப்யூட்டருக்கு இருவரும் ஒருவர் என்று யாராவது சொல்லிக்கொடுத்தால்தானே தெரியும்?

ஹிட்ஸ் தொகுப்பு என்பது யாருடைய பட்டியல்?

பழைய பாட்டுகளை ஒன்றாகக் கோத்து விற்கும் வழக்கத்துக்கு அமெரிக்காவில் வழிகாட்டியவற்றில் ஒன்று, ஜானி மேதிஸின் 'ஜானிஸ் கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்'. 1958இல் வந்து, பில்போர்டு பட்டியலில் ஒன்பது ஆண்டுகளுக்கும் மேலாக நின்றது. ஈகிள்ஸ் குழுவின் 1976 தொகுப்போ 2018 கணக்குப்படி அமெரிக்காவில் மட்டும் 38 மடங்கு பிளாட்டினம், அதாவது 3.8 கோடி. புதுப் பாட்டு ஒன்றுகூடப் பாடாமல் இவ்வளவு விற்பனை.

அங்கே பாடகரின் பாட்டு பெரும்பாலும் ஒரே கம்பெனியிடம் இருக்கும், கோப்பது சுலபம். இங்கே பாட்டு சினிமாவைச் சேர்ந்தது. ஒரு படத்தின் உரிமை ஒரு கம்பெனியிடம், அடுத்த படம் வேறு கம்பெனியிடம். ஆக ஒரு கம்பெனி 'பெஸ்ட்' என்று போட்டால், தன் அலமாரியில் உள்ளவற்றில் பெஸ்ட் என்றுதான் அர்த்தம். ஒரே மொழியில் பாடுகிறவருக்கு இதனால் பெரிய நஷ்டமில்லை. பதினேழு இந்திய மொழிகளில் பாடியவர் என்று சொல்லப்படும் ஒருவருக்கு, பாதி வாழ்க்கையே காணாமல் போகும்.

இந்தி அலமாரியில் இருப்பதைப் பார்த்துவிடலாம். 'ஷாலிமார்' படத்தின் 'ஒன் டூ ச்சா ச்சா ச்சா', 'ஷான்' படத்தின் 'தோஸ்தோன் சே', 'ப்யாரா துஷ்மன்' படத்தின் 'ஹரி ஓம் ஹரி', 'அர்மான்' படத்தின் 'ரம்பா ஹோ', 'டிஸ்கோ டான்சர்' படத்தில் பப்பி லஹரியோடு பாடிய 'கோயி யஹான் நாச்சே'. எல்லாம் 1978க்கும் 1982க்கும் இடையில் வந்தவை. 'ஹரி ஓம் ஹரி'யைக் கேட்டதும் எரப்ஷன் குழுவின் 'ஒன் வே டிக்கெட்' நினைவுக்கு வந்தால் உங்கள் காதில் கோளாறு இல்லை. மெட்டு அங்கிருந்து வந்ததுதான். ஆனால் குரல் இரவல் இல்லை. பின்னணியில் எத்தனை கருவிகள் முழங்கினாலும் ஒவ்வொரு சொல்லும் தனியாகக் காதில் விழும்படி பாடியிருப்பார். கானமேளாப் பாடகிகள் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது அதுதான், ஆட்டம் அதற்கப்புறம்.

இனி தமிழ் அலமாரி. 1975இல் ஏ.பி.நாகராஜன் இயக்கிய 'மேல்நாட்டு மருமகள்' படத்தில் ஒரு ஆங்கிலப் பாட்டைப் பாடித் திரையிலும் தோன்றினார் உஷா. இசை குன்னக்குடி வைத்தியநாதன். 'திருவிளையாடல்' எடுத்த இயக்குநர், வயலினில் கர்நாடகம் வாசித்த இசையமைப்பாளர், நைட் கிளப் பாடகி என்று மூன்று பேரும் ஒரே படத்தில். 1990இல் மணிரத்னத்தின் 'அஞ்சலி'. குழந்தைகள் நிறைந்த அந்தப் படத்தில் இளையராஜா 'வேகம் வேகம்' பாட்டுக்கு இந்தக் கனத்த குரலைக் கூப்பிட்டார். இன்று நாற்பதைத் தொட்டவர்களுக்கு அந்தப் பாட்டு மனப்பாடம். பாடியவர் யார் என்று கேட்டால்தான் யோசிப்பார்கள். 2010இல் 'மன்மதன் அம்பு' படத்தில் மாதவனின் அம்மாவாக நடித்தார்.

இன்னொரு தமிழ்த் தொடர்பும் உண்டு. 1972இல் வந்த அமிதாப்பின் 'பாம்பே டு கோவா' படத்தில் மேடையில் பாடுகிறவராக உஷா வருவார். அந்தப் படமே நம் 'மெட்ராஸ் டு பாண்டிச்சேரி'யின் இந்தி வடிவம்தான்.

எல்லையில் ஒலிக்கும் 'என்டெ கேரளம்'

குலசேகரத்தில் உஷா உதுப் என்று சொன்னால் பலருக்கு நினைவுக்கு வருவது இந்தி டிஸ்கோ இல்லை. அவர் மலையாளத்தில் பாடிய 'என்டெ கேரளம்'. 2006இல் வந்த ஜோஷியின் 'போத்தன் வாவா'வில் மம்முட்டியின் அம்மாவாக நடித்தவர் என்றால் முகமும் தெரிந்துவிடும். பக்கத்துத் திருவட்டாறில் பிறந்து மலையாள சினிமாவில் பாடிய கமுகற புருஷோத்தமனின் ஊர்ப்பக்கம் அல்லவா? இங்கே காதுக்கு எல்லைக் கல் கிடையாது.

அந்தப் பாட்டில் இங்குள்ளவர்களுக்கு மட்டும் புரிகிற ஒரு வேடிக்கையும் உண்டு. கேரளத்தில் நவம்பர் 1 மாநிலம் பிறந்த நாள். குமரி மாவட்டத்துக்கும் அதே 1956 நவம்பர் 1 தான், திருவிதாங்கூரிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர்ந்த நாள். களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் அன்று கேரளத்தைப் போற்றும் பாட்டு. இந்தப் பக்கம் இணைப்புப் போராட்டத் தியாகிகளுக்கு மாலை. கேரளத்தைப் போற்றிப் பாடுகிறவரோ தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, கேரளத்து மருமகளாகி, கொல்கத்தாவில் குடியேறியவர்.

அந்தக் கொல்கத்தாவே ஒரு சமயம் அவரை வேண்டாம் என்றது. 1980களின் தொடக்கத்தில் மேற்கு வங்க அமைச்சராக இருந்த ஜதின் சக்ரவர்த்தி, இவர் பாடுவது சீரழிந்த கலாசாரம் என்று சொல்லி அரசு அரங்கத்தில் பாட இடம் மறுத்தார். உஷா கோர்ட்டுக்குப் போனார், ஜெயித்தார். அப்புறமும் ஊரைவிட்டுப் போகவில்லை. இன்று அந்த ஊருக்கு அவர் 'தீதி'. கென்யாவில் இப்படி எந்தச் சிக்கலும் இல்லை. ஸ்வாஹிலி மொழியில் பாடியதைக் கேட்டு, அதிபர் ஜோமோ கென்யாட்டா அவருக்குக் கௌரவக் குடியுரிமையே கொடுத்தார்!

விருது வந்த கதையும் தாமதம்தான். டிஸ்கோ உச்சத்தில் இருந்த காலத்தில் ஃபிலிம்ஃபேர் பரிந்துரையோடு நின்றுபோனது. '7 கூன் மாஃப்' படத்தில் ரேகா பரத்வாஜோடு பாடிய 'டார்லிங்' பாட்டுக்காக 2012இல் அது கைக்கு வந்தது. 'கலிங்கா' என்ற ரஷ்யப் பாட்டை ஒட்டி அமைந்த மெட்டு. அப்போது அவருக்கு வயது 64. பள்ளியில் வெளியே அனுப்பப்பட்ட அதே குரல், வயதாக ஆக இன்னும் இறங்கி, இன்னும் கரகரத்து, அந்தப் பாட்டில் முழுசாக இருக்கிறது.

விடியுமுன் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்களும் இப்போது சட்டைப் பையில் பாட்டோடுதான் போகிறார்கள். அதனால் தொகுப்பை நாமே போட்டுக்கொள்வதில் கஷ்டம் ஒன்றும் இல்லை. முதலில் 'உஷா ஐயர்' என்று தேடி ஆங்கிலப் பாட்டுகளை எடுங்கள். பிறகு 'உஷா உதுப்' என்று தேடி 'ஹரி ஓம் ஹரி'யும் 'ரம்பா ஹோ'வும். தமிழுக்குப் பாடகி பெயரைப் போட்டுத் தேடினால் சிக்காமல் போகலாம், 'அஞ்சலி' என்று படத்தின் பெயரைப் போடுங்கள். நடுவில் 'என்டெ கேரளம்'. கடைசியாக 'டார்லிங்'.