நான்கு சாம்பல் நிறங்களில் ஒரு தீவு

இலக்கியம் பேசும் இடத்தில் விளையாட்டுக் கருவிக்கு என்ன வேலை என்று நண்பர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். திரைப்படத்தைப் பற்றியும் ஒருகாலத்தில் இப்படித்தான் கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு யாரும் தீர்வான பதில் சொன்னதாகத் தெரியவில்லை. கேட்பவர்கள் குறைந்துபோனார்கள், அவ்வளவுதான். ஆகவே அந்தப் பஞ்சாயத்துக்குள் நுழையாமல் நேராக விஷயத்துக்கு வருகிறோம். நின்டெண்டோவின் கேம் பாய் கருவிக்கென எழுதப்பட்ட ஆட்டங்களில் நாலைந்தாவது, நல்ல சிறுகதையைப் போல மறுபடி மறுபடி எடுத்துப் பார்க்கத் தகுந்தவை என்பது எங்கள் துணிபு. அவற்றில் பெரும்பாலானவை இன்று முறையான வழியில் கிடைப்பதில்லை என்பது எங்கள் வருத்தம்.

முதலில் கருவி. 1889இல் கியோத்தோ நகரில் மலர்ச்சீட்டுக் கட்டுகள் தயாரிக்கத் தொடங்கிய நின்டெண்டோ, சரியாக நூறாண்டு கழித்து, 1989 ஏப்ரல் 21 அன்று கேம் பாயை ஜப்பானில் விற்பனைக்கு விட்டது. அதை உருவாக்கிய அணியின் தலைவர் குன்பெய் யோகோய், 1965இல் அந்நிறுவனத்தின் சீட்டு இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் வேலைக்குச் சேர்ந்தவர். ரயிலில் ஒருவர் பொழுது போகாமல் கால்குலேட்டரின் பொத்தான்களைத் தட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்ததுதான் அவருடைய முந்தைய படைப்பான கேம் அண்ட் வாட்சுக்கு (1980) வித்திட்டதாம். எல்லோரும் பயன்படுத்தித் தீர்த்து, விலை மலிந்து, புதுமை வாடிப்போன தொழில்நுட்பத்தை எடுத்து, அதற்கு யாரும் நினைத்திராத ஒரு பயனைக் கண்டுபிடி என்பது அவர் வாழ்நாள் முழுக்கக் கடைப்பிடித்த கொள்கை.

கேம் பாய் அந்தக் கொள்கையின் உருவம். குறுக்கே 160, நெடுக்கே 144 புள்ளிகள் கொண்ட திரை. நிறம் என்று எதுவுமில்லை. பாசி படிந்த குளத்து நீர் போன்ற பின்புலத்தில் சாம்பலின் நான்கு அடர்த்திகள். உள்ளிருந்து ஒளி வராது, ஆகையால் விளையாடுபவர் சன்னலையோ விளக்கையோ தேடிப் போக வேண்டும். எது வேகமாக நகர்ந்தாலும் பின்னால் ஒரு நிழல் இழுபடும். அதே ஆண்டில் அட்டாரியின் லிங்க்ஸும், 1990இல் சேகாவின் கேம் கியரும் வண்ணத்திரையோடு வந்தன. அவை ஆறு பேட்டரிகளைச் சில மணி நேரத்தில் குடித்து முடித்தன. கேம் பாய் நான்கே பேட்டரிகளில் பத்து மணி நேரத்துக்கு மேல் தாக்குப்பிடித்தது. சந்தையில் யார் நிலைத்தார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அதன் வண்ண வாரிசையும் சேர்த்து ஏறத்தாழ 11.87 கோடி கருவிகள் விற்றன.

இதைப் பொருளாதார வெற்றியாகச் சொல்லி நிறுத்திக்கொள்வது வழக்கம். எங்களுக்கு அதில் அக்கறையில்லை. இந்த வறுமை ஆட்டங்களின் வடிவத்தை என்ன செய்தது என்பதே கேள்வி.

டெட்ரிஸை எடுத்துக்கொள்வோம். எண்பதுகளின் நடுவில் மாஸ்கோவின் அறிவியல் கழகக் கணினி மையத்தில் அலெக்சி பஜித்னோவ் எழுதியது. 1989 பிப்ரவரியில் ஹெங்க் ரோஜர்ஸ் என்ற வியாபாரி அழைப்பேதும் இல்லாமல் மாஸ்கோ போய் இறங்கி, கையடக்கக் கருவிகளுக்கான உரிமையைச் சோவியத் நிறுவனத்திடமிருந்து பெற்றுவந்த கதை ஒரு துப்பறியும் நாவலுக்குரியது. அதை வேறு பலர் எழுதிவிட்டார்கள். கேம் பாய் வடிவத்தின் மொத்த அளவு 32 கிலோபைட். இன்று கைபேசியில் எடுக்கும் ஒரே ஒரு புகைப்படம் இதைப்போலப் பல மடங்கு இருக்கும். விழும் கட்டங்களுக்கான கிணறு பத்துக் கட்ட அகலம், பதினெட்டுக் கட்ட உயரம். வழக்கமான இருபதைவிட இரண்டு வரி குறைவு. அந்த இரண்டு வரியின் இழப்பால் மூச்சு முட்டுவது சற்று முன்னதாகவே வந்துவிடுகிறது.

ஹிரோகாசு தனாகா அமைத்துத் தந்த அதன் புகழ்பெற்ற மெட்டு, ‘கொரோபெய்னிகி’ என்ற ருஷ்ய நாட்டுப்பாடலுடையது. அந்தப் பாடல், ஊர் ஊராகச் சுமை தூக்கித் திரியும் சில்லறை வியாபாரிகளைப் பற்றி நெக்ரசோவ் 1861இல் எழுதிய நெடுங்கவிதையிலிருந்து பிறந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஒரு கவிதை இப்படிக் கோடிக்கணக்கான சிறுவர்களின் காதில், பெயர் தெரியாமலே, கட்டங்கள் விழும் ஓசையோடு கலந்து புகுந்ததை எந்த இலக்கிய வரலாறு கணக்கில் எடுக்கும்? 1993இல் விண்வெளி வீரர் அலெக்சாந்தர் செரெப்ரோவ் இந்த ஆட்டத்தை மிர் நிலையத்துக்கே கொண்டுபோனார். எழுதியவருக்கோ 1996 வரை உரிமைத்தொகை கிடைக்கவில்லை.

‘சூப்பர் மாரியோ லேண்ட்’ (1989) எல்லாப் பட்டியல்களிலும் இடம்பெறும். எங்களுக்கு அதன் இசைமீது மட்டுமே பிரியம். 1994இல் வந்த ‘டாங்கி காங்’ வேறு தரம். 1981இன் பழைய ஆட்டத்தின் நான்கு கட்டங்களை அப்படியே தந்து, முடிந்தது என்று நாம் எழுந்துகொள்ளும்போது இன்னும் தொண்ணூற்றேழு கட்டங்களைத் திறந்துவிடுகிறது. மூலநூலைவிட உரைநூல் பெரிதாகிப் போவது நமக்குப் புதிதல்ல.

ஆனால் நாங்கள் அதிகம் பேச விரும்புவது 1993இல் வெளியான ‘லிங்க்ஸ் அவேக்கனிங்’ என்ற ஆட்டத்தை. செல்டா வரிசையைச் சேர்ந்தது. ஆனால் அதில் செல்டாவும் இல்லை, அவளுடைய ராஜ்யமும் இல்லை. வேலை நேரம் முடிந்தபிறகு சிலர் தங்கள் ஆர்வத்துக்காகச் செய்துபார்த்த முயற்சியாகத்தான் அது தொடங்கியது. இயக்குநர் தகாஷி தெசுகா, அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரான ‘ட்வின் பீக்ஸ்’ போலச் சிறிய ஊரும் விசித்திரமான சில மனிதர்களுமாக ஓர் உலகம் வேண்டும் என்று எண்ணியதாகப் பின்னாளில் சொன்னார். கதையின் பெரும்பகுதி யோஷியாகி கொயிசுமி எழுதியது.

கப்பல் உடைந்து கொஹோலிந்த் என்ற தீவில் ஒதுங்குகிறான் லிங்க். மாரின் என்ற பெண் அவனைக் கரையில் கண்டெடுக்கிறாள். மலையுச்சியில் ஒரு பெரிய முட்டை. அதற்குள் காற்றுமீன் என்ற ஏதோவொன்று உறங்குகிறது. எட்டு இசைக்கருவிகளைத் தேடிச் சேர்த்து வாசித்து அதை எழுப்பினால்தான் தீவைவிட்டுப் போக முடியும். பாதி வழியில் ஒரு பாழடைந்த கோயிலின் சுவரில் உண்மை எழுதப்பட்டிருக்கிறது: இந்தத் தீவே காற்றுமீன் காணும் கனவு. அது விழித்தால் மலையும் கடலும் மனிதரும் மறைந்துபோவார்கள். இதைப் படித்தபிறகும் விளையாட்டு நம்மை அடுத்த கருவியைத் தேடித்தான் அனுப்புகிறது. வழியில் கடற்கரையில் ஒரு மரத்துண்டின்மேல் மாரின் நம்மோடு உட்கார்ந்து, தான் ஒரு கடற்பறவையாக இருந்திருந்தால் எங்கெங்கோ பறந்திருக்கலாமே என்கிறாள். அவளைக் காப்பாற்ற வழியே இல்லையா? ஒரே ஒரு வழி உண்டு. கருவியை அணைத்து வைத்துவிட்டு, மேற்கொண்டு விளையாடாமல் இருப்பது.

அறம் சார்ந்த தேர்வுகளைப் பட்டியலிட்டு, இதை அழுத்தினால் நல்லவன், அதை அழுத்தினால் கெட்டவன் என்று கணக்கு வைக்கும் ஆட்டங்கள் பிற்காலத்தில் ஏராளமாக வந்தன. லிங்க்ஸ் அவேக்கனிங் எந்தத் தேர்வையும் தருவதில்லை. ஆட்டத்தை வெல்வதும் ஒரு தீவை இல்லாமலாக்குவதும் ஒரே செயல் என்பதை நமக்குத் தெரிவித்துவிட்டு ஒதுங்கி நிற்கிறது. ஒருமுறைகூடச் சாகாமல் முடிப்பவருக்கு மட்டும் கடைசியில் மாரின் சிறகோடு தோன்றுகிறாள்.

இதே உறுத்தல் வேறு இரண்டு ஆட்டங்களிலும் உண்டு. ‘மெட்ராய்டு 2’ (1991) ஓர் இனத்தையே ஒழித்துவரச் சொல்லி நம்மை ஒரு கோளின் குகைகளுக்குள் அனுப்புகிறது. திரையின் மூலையில் மிச்சமிருக்கும் உயிர்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறது. எல்லாம் முடிந்தபின் ஒரு முட்டை பொரிந்து, வெளிவரும் குஞ்சு நம்மைத் தாயென்று நினைத்துப் பின்னாலேயே வருகிறது. நாயகி சுடுவதில்லை. அதன்பிறகு கப்பலுக்குத் திரும்பும்வரை ஒரு சண்டையும் கிடையாது. அகிதோஷி கவாசு வடிவமைத்த ‘சாகா’ (1989, அமெரிக்காவில் ‘ஃபைனல் ஃபேண்டசி லெஜண்ட்’) ஒரு கோபுரத்தின் உச்சிவரை நம்மை ஏற்றி, அங்கே சிருஷ்டிகர்த்தாவின் முன் நிறுத்துகிறது. இந்த உலகமும் இதன் துன்பமும் தன் பொழுதுபோக்குக்காகச் செய்த விளையாட்டு என்கிறார் அவர். நாயகர்கள் அவரையே எதிர்த்துப் போரிடுகிறார்கள். நிரலில் நேர்ந்த ஒரு பிழையினால் சாதாரண மின்ரம்பம் ஒன்றே அந்தக் கடவுளை ஒரே அடியில் வீழ்த்திவிடும் என்பது தனிக் கூத்து. (எங்கள் குழுவில் ஒருவர் அதைப் பிழையென்று ஒப்புக்கொள்ளவே மாட்டார், அதுதான் ஆட்டத்தின் இறையியல் என்பார்.)

போக்கிமானைச் சேர்ப்பதா வேண்டாமா என்று எங்களுக்குள் சண்டையே நடந்தது. ஒரு பெருவணிகத்தின் தொடக்கம் அது என்பதை மறந்துவிட்டு, 1996 பிப்ரவரியில் வந்த முதல் ஆட்டத்தை மட்டும் பார்க்க வேண்டும். சத்தோஷி தஜிரி, தோக்கியோவின் புறநகரில் பூச்சி பிடித்து வளர்ந்தவர். அவர் கண்ணெதிரே குளங்களும் வயல்களும் கட்டடங்களாயின. இரண்டு கேம் பாய்களை இணைக்கும் கம்பியைப் பார்த்தபோது, அதில் ஒரு பூச்சி ஊர்ந்து மறுபக்கம் போவதாக அவருக்குத் தோன்றியது. ஆறாண்டு உழைப்பில் அந்தக் காட்சிதான் ஆட்டமாயிற்று. சிவப்பு, பச்சை என இரண்டு பதிப்புகள். ஒன்றில் இருக்கும் சில உயிர்கள் மற்றதில் இல்லை. சில உயிர்கள் இன்னொருவர் கைக்குப் போனால்தான் அடுத்த உருவம் எடுக்கும். தனியாக விளையாடி முழுமையடைய முடியாத ஆட்டம். இந்த ஒரு காரணத்துக்காகவே சேர்த்துக்கொண்டோம்.

இனி வருத்தத்துக்கு வருவோம். 2023 ஜூலையில் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் ஓர் ஆய்வை வெளியிட்டது. அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான ஆட்டங்களில் 87 விழுக்காடு இன்று விற்பனையில் இல்லை. கேம் பாய் குடும்பத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், கிடைப்பவை நூற்றுக்கு ஆறுகூட இல்லை. அதே ஆண்டு மார்ச்சில் நின்டெண்டோ தன் 3டிஎஸ் கருவிக்கான இணையக் கடையை மூடியபோது, அங்கே விற்றுக்கொண்டிருந்த பழைய கேம் பாய் ஆட்டங்களும் போயின. அதற்கு ஒரு மாதம் முன்பு, ஸ்விட்ச் கருவியில் சந்தா கட்டுபவர்களுக்கென்று சில ஆட்டங்களைத் திறந்துவிட்டிருந்தார்கள். சந்தா நின்றால் ஆட்டமும் நிற்கும். வாடகை நூல்நிலையம்தான் உண்டு, புத்தகக்கடை கிடையாது என்பதைப் போன்ற ஏற்பாடு.

சரி, நூலகங்களாவது தரட்டுமே என்றால் அதற்கும் வழியில்லை. ஆய்வாளர்கள் தொலைவிலிருந்தே பழைய ஆட்டங்களை நூலகச் சேகரிப்பிலிருந்து பயன்படுத்த விலக்கு வேண்டும் என்று கேட்கப்பட்டபோது, 2024 அக்டோபரில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் மறுத்துவிட்டது. ஆய்வென்ற பெயரில் பொழுதுபோக்குக்கு விளையாடிவிடுவார்கள் என்பது எதிர்த்தவர்கள் முன்வைத்த அச்சங்களில் ஒன்று. நாவலை நூலகத்தில் எடுப்பவர் சுவைத்துப் படித்துவிடுவாரோ என்று யாரும் அஞ்சியதாக நாம் கேட்டதில்லை. விற்கவும் மாட்டோம், இரவல் கொடுக்கவும் விடமாட்டோம் என்றால், ஆட்டங்களைச் சட்டத்துக்குப் புறம்பாகப் படியெடுத்து வைத்திருக்கும் முகமறியாதவர்களே காப்பாளர்கள் ஆகிவிடுகிறார்கள். இதில் நாங்கள் நிறுவனத்தின் பக்கம் இல்லை. உரிமை என்பது வெளியிடுவதற்கானது. வெளியிடாமலே பூட்டி வைத்திருப்பதற்கு அதே பாதுகாப்பு எதற்கு?

மறுஆக்கம் வருகிறதே, அது போதாதா என்பார்கள். லிங்க்ஸ் அவேக்கனிங் 1998இல் வண்ணம் பெற்றது. 2019இல் ஸ்விட்சுக்காக முற்றிலும் புதிதாகச் செய்யப்பட்டது. பிந்தையது அழகானது, மறுக்கவில்லை. மெருகேற்றிய பொம்மைகளை மேசைமேல் பரப்பி வைத்ததுபோல ஒவ்வொரு புல்லும் பளபளக்கிறது. ஆனால் கனவில் புல் பளபளப்பதில்லை. நான்கு சாம்பல் நிறங்களில், எட்டிப் பார்த்தால் மட்டுமே தெரிகிற திரையில், நகர்ந்தால் நிழலாகிவிடும் அந்தத் தீவு எந்நேரமும் அழிந்துவிடக்கூடியது என்று கண்ணே சொல்லிவிடும். 2019இன் தீவை யாரும் கனவென்று நம்பத் தேவையில்லை. அதைக் கையில் எடுத்துத் தடவிப் பார்க்கலாம் போலிருக்கிறது. மொழிபெயர்ப்பு வேண்டாம் என்பதல்ல எங்கள் கட்சி. மூலம் அச்சில் இருக்கட்டும் என்கிறோம்.

இதற்கிடையே கார்ட்ரிட்ஜ்கள் தம்பாட்டுக்கு முதுமையடைகின்றன. போக்கிமான் போன்ற ஆட்டங்கள் நாம் சேமித்ததை நினைவில் வைத்திருப்பது, உள்ளே பற்றவைக்கப்பட்ட ஒரு நாணய பேட்டரியின் தயவில். கடிகாரத்தையும் சேர்த்து ஓட்டும் 1999இன் ‘கோல்டு’, ‘சில்வர்’ பதிப்புகளில் அது இன்னும் சீக்கிரம் தீர்ந்துவிடும். பேட்டரி தீர்ந்தால் ஆட்டம் அப்படியே இருக்கும். பள்ளி நண்பன் கம்பி வழியே அனுப்பிவைத்த உயிர் மட்டும் போய்விடும். ஆர்வலர்கள் பற்றவைப்புக்கோலோடு உட்கார்ந்து புது பேட்டரி மாற்றுகிறார்கள். மாற்றுவதற்கு முன் சேமிப்பைக் கணினியில் படியெடுத்துக்கொள்ள வேண்டும். பழையதைக் கழற்றிய கணத்திலேயே எல்லாம் மறந்துபோகும். பழைய கார்ட்ரிட்ஜ் வைத்திருக்கும் வாசகர்கள் இந்த வேலையைத் தள்ளிப்போட வேண்டாம். டெட்ரிஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. அதில் பேட்டரியே கிடையாது. 1989இலும் அணைத்தவுடன் எல்லாவற்றையும் மறந்துவிடும், இன்றும் அப்படித்தான்.