"தெரியாம நடந்துபோச்சு" என்றால் தீர்ந்துவிடுமா?



வாய்க்காலில் நுரை பொங்கி வருது. நாற்று கருகுது, மாடு தண்ணியில் வாய் வைக்க மாட்டேங்குது. போய்க் கேட்டால் ஆலைத் தரப்பு சொல்லும் பதில் எந்த ஊரிலும் ஒன்றுதான். "ராத்திரி மழையில தொட்டி நிரம்பி வழிஞ்சிருச்சு. கரண்டு போய் மோட்டார் நின்னுபோச்சு. வேணும்னா விட்டோம்?" (மழை பெய்யும் ராத்திரியாகப் பார்த்துத்தான் தொட்டி வழியும் போல!)

இந்தச் சாக்குக்குச் சட்டத்தில் கொஞ்சம் இடம் இருக்கிறது. அதை மறைக்காமல் சொல்கிறோம். எதிராளி கையில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் நாம் களத்தில் இறங்கக் கூடாது.

1974ஆம் ஆண்டு தண்ணீர்ச் சட்டத்தின் 47ஆவது பிரிவுப்படி, தனக்குத் தெரியாமல் நடந்தது, தடுக்க எல்லா முயற்சியும் எடுத்தேன் என்று மேலாளர் நிரூபித்தால் தண்டனையிலிருந்து தப்பலாம். ஆனால் நிரூபிக்க வேண்டியது அவர், நாம் அல்ல. அதே சட்டத்தின் 31ஆவது பிரிவு, விபத்தாகக் கழிவு வெளியேறினால் உடனே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. அதனால் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: "எத்தனை மணிக்கு வாரியத்துக்குச் சொன்னீங்க?" உண்மையான விபத்து என்றால் பதில் இருக்கும்.

இன்னொரு ஓட்டை 21ஆவது பிரிவில். வாரிய அதிகாரி ஆலைக்கு நோட்டீஸ் கொடுத்து, தண்ணீர் மாதிரியை இரண்டாகப் பிரித்து, முத்திரை வைத்து எடுக்க வேண்டும். முறை தவறினால் பரிசோதனை முடிவு சாட்சியாக நிற்காது. நாம் பாட்டிலில் பிடித்து ஓடுவதைவிட, அதிகாரியை அன்றைக்கே வரவழைத்து, முறைப்படி எடுக்கிறாரா என்று பக்கத்தில் நின்று பார்ப்பதே மேல்.

இதெல்லாம் தண்டனை விஷயம். நஷ்டஈடு வேறு கதை. ராஜஸ்தான் பிச்ரி கிராமத்தில் ரசாயன ஆலைக் கழிவு மழையோடு இறங்கிக் கிணறுகளெல்லாம் கெட்டுப்போயின. ஆபத்தான தொழில் நடத்துகிறவர், கவனமாக இருந்தாரோ இல்லையோ, நஷ்டத்தைக் கொடுத்தே தீர வேண்டும் என்று 1996 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2010ஆம் ஆண்டு பசுமைத் தீர்ப்பாயச் சட்டமும், விபத்து என்றால் தவறு யார் மேல் என்று பார்க்காமலே பொறுப்பாக்கச் சொல்கிறது. சென்னையில் அதன் தென்மண்டல அமர்வு இருக்கிறது. நஷ்டஈட்டு மனுவுக்கு ஐந்து வருஷம் கெடு.

நொய்யல் விவசாயிகளைப் பாருங்கள். ஒரத்துப்பாளையம் அணைத் தண்ணீர் சாயக்கழிவாய் மாறியும் அவர்கள் வழக்கை விடவில்லை. 2011 ஜனவரி 28 அன்று திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

2024இல் வந்த திருத்தம் தண்ணீர்ச் சட்டத்தின் பல குற்றங்களுக்குச் சிறையை எடுத்துவிட்டு, ரூ.10,000 முதல் ரூ.15 லட்சம் வரை அபராதம் என்று ஆக்கியது. மாநிலங்கள் தீர்மானம் போட்டு ஏற்றால்தான் அங்கே செல்லும். பெரிய ஆலைக்கு 15 லட்சம் ஒரு பணமா? அதனால்தான் நஷ்டஈட்டு வழியை விடக் கூடாது என்கிறோம்.

சமயநல்லூர் வட்டாரத்தில் யார் வயலில் கழிவுத் தண்ணி பாய்ந்தாலும் தேதி, நேரம், போட்டோ எடுத்து வையுங்கள். விஏஓவிடம் அடங்கல் வாங்குங்கள். புகார் மனு கொடுத்தால் ரசீது இல்லாமல் திரும்பாதீர்கள். அந்தக் காகிதங்களோடு, கலெக்டர் ஆபீஸில் நடக்கும் அடுத்த விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கு எல்லோரும் வாருங்கள்.