மார்ச் 31ம் மானாவாரிச் சோளமும்

புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தபோது 'ஓர்ஜ்' என்றொரு சொல்லை மனப்பாடம் செய்தேன். பார்லி என்று அர்த்தம். செடியைப் பார்த்ததில்லை, காய்ச்சலில் அம்மா தரும் கஞ்சிதான் தெரியும். அந்தப் பார்லியை வைத்து இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட்டில் ஒரே வயலில் 1852 முதல் உரச் சோதனை நடக்கிறது. நம் கோயம்புத்தூரிலும் 1909இல் தொடங்கிய அப்படியொரு வயல் இருக்கிறது.

இப்போது நான் இருக்கும் பசுவந்தனைக்குப் பக்கத்தில், கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையம் 1901இல் வந்தது. கே 8, கே 12 சோளங்களில் வரும் 'கே' இந்தக் கோவில்பட்டிதான். ஒரு புது ரகம் விவசாயி கைக்கு வர ஏறக்குறைய பத்து வருடம் ஆகும். கரிசலில் புரட்டாசி விதைப்பு, தையில் அறுப்பு. வானம் ஏமாற்றினால் அந்த வருடச் சோதனையும் போச்சு. மூன்று வருடத் திட்டத்துக்குப் பணம் கொடுத்தால், ஒரே வறட்சியில் மூன்றில் ஒரு பங்கு காலி. 2018இல் படைப்புழு வந்து மக்காச்சோளத்தைக் குதறியதே, அது திட்டக் காலம் பார்த்தா வந்தது?

நான் குமாஸ்தாவாக இருந்தவன். "மார்ச் 31க்குள் செலவாகாத தொகையைத் திருப்பி ஒப்படைக்கவும்" என்று எத்தனை கடிதம் தட்டச்சு செய்திருப்பேன்! அதைப் பெரிய ஒழுங்கு என்று நினைத்திருந்தேன். மழை பெய்யாததால் செலவாகாத பணம், அடுத்த புரட்டாசிக்குத் தேவைப்படும் பணம் என்று அன்றைக்குத் தோன்றவில்லை.

விதை ஆராய்ச்சிக்குப் பத்து வருட ஒதுக்கீடாகக் கொடுத்து, மிச்சத்தை அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோக விடவேண்டும். தணிக்கை வருடா வருடம் நடக்கட்டும். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.