மாணவர் கையில் திறவுகோல்

நம் கல்லூரியிற் பட்டம் பெற்று மேற்படிப்பின் பொருட்டு அமெரிக்கா செல்லும் மாணவருள் சிலர், தம் வாழ்நாளில் முதன்முதலாகச் சம்பளம் பெறும் இடம் சர்வகலாசாலையின் கணினிக் காரியாலயமாகும். கடவுச்சொல்லை மறந்த ஆசிரியர்க்குப் புதியதொன்று அமைத்துக் கொடுத்தல், நோய்ப்பட்ட மடிக்கணினியைச் சீராக்குதல், வகுப்பறைக் கருவிகள் இயங்காதபொழுது ஓடிச் சென்று உதவுதல் முதலியன அவர்தம் வேலைகள். அயல்நாட்டு மாணவர் பாடம் நிகழும் பருவத்தில் வாரத்திற்கு 20 மணி நேரத்திற்கு மேற்படாமற் கல்லூரி எல்லைக்குள் ஊழியம் செய்யலாம் என்பது அந்நாட்டு விதி. யானும் இரண்டாண்டுக் காலம் அங்ஙனம் ஊழியம் செய்தவன். அங்கே எவ்வாறு நடந்துகொள்ளல் வேண்டும் என்று இளைஞர் சிலர் என்னை வினவினராகலின், என் மனத்திற் பட்டதை ஈண்டு எழுதத் துணிந்தேன்.

முதல் நாளிலேயே ஒரு தாளைக் கொடுத்துக் கையொப்பமிடச் சொல்வர். குறித்த நேரத்திற்கு வருதல் வேண்டும். வர இயலாவிடின் முன்னரே அறிவித்தல் வேண்டும். உதவி நாடி வந்தவரிடம் முகங்கோணலாகாது. வேலை நேரத்தில் வீட்டுப் பாடம் எழுதலாகாது. இவை எந்தக் காரியாலயத்திற்கும் உரியவை. இவற்றைப் பற்றி மிகுதியாகச் சொல்வதற்கில்லை. பரீட்சை வாரத்தில் எல்லாரும் ஒருங்கே விடுப்புக் கேட்பதும், மேலாளர் தாமே உதவி மேசையில் வந்து அமர்வதும் ஆண்டுதோறும் நிகழும் நாடகம். அதனால் விளையும் தீங்கு ஒரு நாளில் மறைந்துபோம்.

அத்தாளின் கடைசியில், பிறருடைய கோப்புகளையும் கடிதங்களையும் வேலைக்கு வேண்டிய அளவன்றிப் பாராதே, கண்டதை வெளியிற் கூறாதே என்று இரண்டே வரிகள் இருந்தன. அவ்விரண்டு வரிகளே முதலில் நிற்கத் தக்கவை என்பது என் கொள்கை. ஏனெனின், மாணவ ஊழியன் இருநிலையினன். காலையில் எவரோடு ஒரே பெஞ்சியில் அமர்ந்து பாடம் கேட்டானோ, அவருடைய கணினி மாலையில் அவன் கையில் திறந்து கிடக்கிறது. வேறு எவ்வூழியர்க்கும் இத்துணை நெருக்கடி இல்லை.

ஒரு நாள் ஆசிரியர் ஒருவர் தம் மடிக்கணினியைச் சீர்செய்யுமாறு என்னிடம் கொடுத்துச் சென்றார். திறந்தவுடன் எங்கள் வகுப்பின் மதிப்பெண் பட்டியல் என் கண்ணெதிரே தோன்றிற்று. அச்சமயம் என்னுடன் ஒரே வீட்டிற் குடியிருந்த தம்பி ஒருவன் மேசையருகே வந்தான். “அண்ணா, என் மதிப்பெண்ணை மட்டும் பார்த்துச் சொல்லுங்கள், மூன்று நாளிற் தெரியப் போவதுதானே?” என்றான். நான் காய்ச்சலிற் கிடந்தபொழுது கஞ்சி வைத்துக் கொடுத்தவன் அவன். என் கை விசைப்பலகையின்மேற் சென்றது உண்மை. ஆனால் அவன் பெயரைத் தேடின், அதன் மேலும் கீழும் உள்ள முப்பது பெயர்களும் என் கண்ணிற் படும். அவர்களுள் ஒருவரேனும் எனக்கு அனுமதி தந்தாரில்லை. மாணவரது கல்விப் பதிவுகளை அவர்தம் இசைவின்றிப் பிறர்க்கு வெளியிடலாகாது என்று 1974-ஆம் ஆண்டுச் சட்டம் கல்லூரிகளைக் கட்டுப்படுத்துகிறது. யான் மறுத்தேன். தம்பி இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. அவ்விரண்டு மாதமும் எனக்கு எளிதாயிருந்தன என்று சொல்லமாட்டேன்.

இத்தகைய ஆசை தீயோர்க்கே உண்டாவது எனக் கருதுதல் பிழை. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பலர் கூடிப் பயன்படுத்திய பெருங்கணினி ஒன்றில், ஒவ்வொருவர்க்கும் கடவுச்சொல்லும் அளவிட்ட நேரமும் வழங்கியிருந்தனர். 1962-ஆம் ஆண்டில் ஆலன் ஷெர் என்னும் ஆராய்ச்சி மாணவர், தமக்குரிய நேரம் போதாமையால், எல்லாருடைய கடவுச்சொற்களும் அடங்கிய கோப்பைத் துளையட்டை வாயிலாகக் கேட்டு அச்சிடச் செய்துகொண்டார். பல ஆண்டுகள் கழிந்தபின் அவரே அதனை வெளியிட்டார். பொருளைத் திருடும் நோக்கம் அவர்க்கில்லை, படிப்பே காரணம். நற்காரணம் கூடவே வருவதனாலன்றோ இக்குற்றம் குற்றமாகத் தோன்றுவதில்லை!

இனி, காரியாலயத்தாரையும் ஒரு வார்த்தை கேட்டல் நியாயம். ஒரு மாணவனுக்கு மூன்று அறைகளில் வேலையிருக்க, முப்பது அறைகளுக்கும் உரிய திறவுகோலை அவன் கையிற் கொடுப்பது ஏன்? அவனவனுக்கு வேண்டிய கதவு மட்டும் திறக்குமாறு அமைத்தலும், எவன் எதனை எப்பொழுது திறந்தான் என்று பதிவேட்டிற் குறித்தலும் கணினிக்கு அரிய செயல்கள் அல்ல. சிலர் இப்பதிவை அவநம்பிக்கையின் அடையாளமென்று வெறுப்பர். யான் அங்ஙனம் எண்ணவில்லை. ஏதேனும் காணாமற் போயின், முதலிற் சந்தேகிக்கப்படுபவன் குறைந்த சம்பளத்து மாணவனே. அவனைக் காப்பது அப்பதிவேடுதான்.

யான் வேலை பார்த்த இடத்தில் மாணவர் அனைவர்க்கும் பொதுவாக ஒரே தலைமைக் கடவுச்சொல் இருந்தது. அதனை மஞ்சள் தாளில் எழுதி மேசைக்கு அடியில் ஒட்டியிருந்தனர். பொறுப்பைப் பற்றி எங்களிடம் கையொப்பம் வாங்கியவரும் அத்தாளை ஒட்டியவரும் ஒருவரே. விடைபெற்ற நாளில், அச்சொல்லை மாற்றி ஒவ்வொருவர்க்கும் தனித்தனியே கொடுத்தல் நலம் என்று அவரிடம் பணிவோடு சொல்லி வந்தேன். அடுத்த வாரமே தம்பி கடிதம் எழுதினான்: கடவுச்சொல்லை மாற்றிவிட்டார்களாம், புதிய மஞ்சள் தாள் பழைய இடத்திலேயே ஒட்டப்பட்டிருக்கிறதாம்.