முகாம் பிள்ளைக்கு சீட் கிடைக்குது, கல்விக்கடன் ஏன் கிடைக்கல?



பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் நம்ம வீட்டுல என்ன நடக்கும்? கவுன்சிலிங், கல்லூரி, அப்புறம் ஃபீஸுக்கு வழி. கையில காசு இல்லைன்னா வங்கியில் கல்விக்கடன் கேட்போம், உதவித்தொகைக்கு எழுதிப் போடுவோம்.

கும்மிடிப்பூண்டியிலோ பவானிசாகரிலோ இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் பிறந்து, நம்ம அரசுப் பள்ளியிலேயே படிச்ச பிள்ளைக்கும் அதே மார்க், அதே ஆசைதான். ஆனால் வங்கிப் படிவத்தின் முதல் பக்கத்திலேயே அந்தப் பிள்ளை நின்றுவிடுகிறது. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தில் முதல் தகுதியே இந்தியக் குடியுரிமைதான். ஒன்றிய அரசின் உதவித்தொகைகளிலும் அதே வரி.

இங்கே பிறந்த பிள்ளை எப்படி இந்தியர் இல்லாமல் போகும்னு கேட்பீங்க. 1987 ஜூலை 1 முதல் இந்த மண்ணில் பிறந்தால் மட்டும் போதாது, பெற்றோரில் ஒருவர் குடிமகனாக இருக்கணும். 2004 டிசம்பர் 3 முதல் இன்னும் இறுக்கிவிட்டார்கள்: ஒருவர் குடிமகனாக இருந்தாலும், மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது. அதாவது அப்பா நம்ம ஊர்க்காரர், அம்மா முகாம்காரர் என்றாலும் சிக்கல். இப்போ கல்லூரி வாசலில் நிற்பவர்கள் இந்தத் தேதிக்குப் பிறகு பிறந்தவர்கள். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று நாடுகளின் பெயரைச் சொன்னது. இலங்கை அதில் இல்லை.

மாநில அரசு எதுவும் செய்யலைன்னு சொல்ல முடியாது. 2021 ஆகஸ்டில் கல்வி உதவியை உயர்த்தினார்கள். கலை, அறிவியல் படிப்புக்கு ஆண்டுக்கு 3,000 ரூபாயாக இருந்தது 12,000 ஆனது. தொழிற்படிப்புக்கு 5,000 ரூபாய் 20,000 ஆனது. மதிப்பெண் அடிப்படையில் 50 பொறியியல் மாணவர்களுக்குக் கல்லூரி, விடுதிக் கட்டணம் முழுவதையும் அரசே ஏற்கும் என்றார்கள். நல்லது. ஆனால் அன்றைக்கு முகாம்களில் இருந்தவர்கள் 58,000-க்கும் மேல். 51-வது மாணவர் என்ன செய்வார்? தனியார் கல்லூரிக் கட்டணத்துக்கு 20,000 எந்த மூலைக்கு? மிச்சத்துக்குக் கந்துவட்டிதான். வங்கிக் கதவுதான் மூடியிருக்கே.

புதிதாக வந்தவர்கள் நிலை இன்னும் மோசம். 2022 மார்ச்சில், அங்கே பாலுக்கும் அரிசிக்கும் வழியில்லாமல், கைக்குழந்தையோடு அரிச்சல்முனை மணல்திட்டில் இறங்கிய குடும்பங்களை மறந்திருக்க மாட்டீங்க. மண்டபத்தில் தங்க வைத்தோம், சோறு போட்டோம். 2025 செப்டம்பரில் ஒன்றிய உள்துறை ஓர் உத்தரவு போட்டது. பாஸ்போர்ட், விசா இல்லாமல் வந்த இலங்கைத் தமிழருக்குத் தண்டனையிலிருந்து விலக்கு. யாருக்கு? 2015 ஜனவரி 9 வரை வந்து, பதிவு செய்தவர்களுக்கு மட்டும். அன்றைக்குக் கைக்குழந்தையின் கையைப் பிடித்து இறங்கிய அண்ணன், அக்காக்கள் இப்போ பள்ளியை முடிக்கும் வயசு. இவர்கள் எந்தப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் டிக் போடுவது?

ஒன்று சொன்னால் கோபப்படக் கூடாது. ஈழம் பற்றி நாம் போடும் பதிவுகளுக்குக் கணக்கில்லை. பக்கத்து முகாமுக்குப் போய், 'தம்பி, உன் படிவம் எங்கே நின்னுச்சு?' என்று கேட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்?

அதைத்தான் இப்போ செய்யணும். உங்கள் மாவட்ட முகாமில் கல்லூரி போகும் வயதுள்ள பிள்ளைகளோடு உட்காருங்கள். படிவத்தை வரி வரியாகப் படியுங்கள். சாதிச் சான்றா, வருமானச் சான்றா, ஜாமீன் கையெழுத்தா, எது தடுத்தது? முகாம் ஆர்.ஐ. என்ன சொன்னார்? வங்கி மேலாளர் எழுத்தில் மறுத்தாரா, வாயால் அனுப்பிவிட்டாரா? பெரும்பாலும் வாயால்தான் அனுப்புவார்கள். அதனால் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முகாமுக்கு வெளியே, காவல் நிலையப் பதிவில் இருக்கும் குடும்பங்களையும் விட்டுவிடாதீர்கள்.

குடியுரிமைக்கான போராட்டம் நீளும். அதுவரை பிள்ளைகள் காத்திருக்க முடியாது. முகாம் அடையாள அட்டையை ஏற்று, மாநில அரசின் உத்தரவாதத்தில் கூட்டுறவு வங்கிகள் கடன் கொடுக்கலாம். 50 என்ற வரம்பை எடுத்துவிடலாம். இந்த இரண்டையும் கேட்டு மனு கொடுக்கப் போகிறோம். அதற்கு உங்கள் குறிப்புகள் வேண்டும்.

மாணவர் பெயர், அட்டை எண், படம் எதையும் பொதுவில் போட வேண்டாம். முகாம் பெயர், படிப்பு, தடுத்த காரணம் இது மூன்றையும் உள்பெட்டியில் அனுப்புங்கள்.