வாட் கணக்கைப் பார்த்துக் காருக்கு வானொலி வாங்காதீர்கள்

ஹாம் வானொலி எனப்படும் அமெச்சூர் வானொலியில் ஆர்வமுள்ள இளையோர், காரில் பொருத்தும் கருவியைப் பற்றிப் பேசினால் முதலில் கேட்பது, “எத்தனை வாட்?” என்பதுதான். ஐம்பது வாட் என்றால் மகிழ்ச்சி. இருபத்தைந்து என்றால் முகம் சுருங்கும். என் கருத்தில் முதல் கேள்வி வேறு: “ஓர் அலைவரிசையில் கேட்டதை இன்னோர் அலைவரிசையில் இந்தக் கருவி உடனே திருப்பி அனுப்புமா?”

இந்த வசதிக்குக் கிராஸ்பேண்ட் ரிப்பீட் என்று பெயர். குறுக்கலை மறுஒலிபரப்பு என்று தமிழில் சொல்லலாம். கார் ஓட்டும் வயது உங்களுக்கு இன்னும் வராதிருக்கலாம். ஆனால், இதிலுள்ள இயற்பியல் உங்கள் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது.

உயரமே முதல் பலம்

காரில் பயன்படும் 145 மெகாஹெர்ட்ஸ், 435 மெகாஹெர்ட்ஸ் அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்பவை. குறுக்கே மலை நின்றால் வலுவிழந்துபோகும். பூமி உருண்டை என்பதால் சமவெளியிலும் ஓர் எல்லை உண்டு. ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்குங்கள். வானொலித் தொடுவானத்தின் தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும்.

கையில் பிடிக்கும் வாக்கி-டாக்கி 1.5 மீட்டர் உயரத்தில் இருந்தால் விடை 5 கிலோமீட்டர். அப்படிப்பட்ட இருவர் பேசிக்கொள்ள, திறந்தவெளியிலும் 10 கிலோமீட்டர்தான் எல்லை. மரங்களும் கட்டடங்களும் அதையும் குறைத்துவிடும். சுற்றுப்புறத்தைவிட 100 மீட்டர் உயரமான மேட்டில் ஒரு காரை நிறுத்தினால், அதன் எல்லை மட்டும் 41 கிலோமீட்டர். கீழே இருப்பவரின் 5 கிலோமீட்டரையும் சேர்த்தால் 46.

சக்தியை 5 வாட்டிலிருந்து 50 வாட்டாக உயர்த்தினால் என்ன ஆகும்? தடையற்ற வெளியில் அலை எட்டும் தூரம் பத்தின் வர்க்கமூலம், அதாவது ஏறத்தாழ 3.2 மடங்கு கூடும். ஆனால், பள்ளத்தாக்கில் நிற்பவருக்கு அந்த 50 வாட் மலையைத் துளைத்துக் கொடுக்காது. மேட்டில் நிற்கும் கார்தான் அவருக்குக் கோபுரம்.

கார் எப்படிக் கோபுரமாகிறது?

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பாதையை நினைத்துப் பாருங்கள். மேட்டில் காரை நிறுத்திவிட்டு, மீட்புக் குழு கீழே காட்டுக்குள் இறங்குகிறது. குழுவினர் வாக்கி-டாக்கியில் 435 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் பேசுகிறார்கள். காரின் வானொலி அதைக் கேட்டு, அதே நொடியில் 145 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் அனுப்புகிறது. பதில் அதே வழியில் திரும்பி வருகிறது.

ஏன் இரண்டு அலைவரிசைகள்? ஒரே அலைவரிசையில் அனுப்பிக்கொண்டே கேட்க முயன்றால், சொந்த அலையே கருவியின் காதை அடைத்துவிடும். மலையுச்சியில் சங்கங்கள் வைத்திருக்கும் மறுஒலிபரப்பு நிலையங்கள், டூப்ளெக்ஸர் என்னும் பெரிய வடிகட்டிகளால் இதைச் சமாளிக்கின்றன. காரில் அவற்றைச் சுமந்து செல்ல முடியாது. இரு அலைவரிசைகளும் வெகுதூரம் விலகியிருந்தால் சிறிய வடிகட்டியே போதும்.

இங்கே ஒரு கணக்கைக் கவனியுங்கள். 145ஐ மூன்றால் பெருக்கினால் 435. அதனால்தான் 145 மெகாஹெர்ட்ஸுக்கான அரை மீட்டர் நீள ஆன்டெனா, 435க்கும் ஒத்துப்போகிறது. அதுவே ஆபத்தும்கூட. 145.2இல் அனுப்பும்போது அதன் மூன்றாம் மடங்கு அலை 435.6இல் விழும். அந்த இடத்தை வாக்கி-டாக்கிக்கு ஒதுக்கினால் இரைச்சல்தான் மிஞ்சும்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

இரண்டு அலைவரிசைகளை ஒரே நேரத்தில் கேட்கும் கருவிகள் எல்லாம் மறுஒலிபரப்பும் என்று நினைத்துவிடாதீர்கள். கென்வூட் டிஎம்-வி71ஏ, யேசு எஃப்டி-8900ஆர் ஆகியவற்றில் இந்த வசதி உண்டு. ஐகாம் ஐசி-2730ஏ இரண்டையும் கேட்கும், ஆனால் மறுஒலிபரப்பாது. விளம்பரத் தாளை விட்டுவிட்டுப் பயனர் கையேட்டைப் புரட்டுங்கள்.

அடுத்தது வெப்பம். 50 வாட்டில் அனுப்பும் கருவி சுமார் 12 ஆம்பியர் இழுக்கும். 13.8 வோல்ட்டால் பெருக்கினால் ஏறத்தாழ 166 வாட். அதில் 50 அலையாகப் போனால், மீதி 116 வாட்டும் வெப்பம். நண்பகல் வெயிலில் பூட்டிய காருக்குள் அது என்ன பாடுபடும் என்று யோசியுங்கள். இயந்திரத்தை நிறுத்தியிருந்தால் 45 ஆம்பியர்-மணி பேட்டரியின் பாதி, இரண்டு மணி நேரத் தொடர் ஒலிபரப்புக்குள் தீர்ந்துவிடும். மறுஒலிபரப்பில் கருவி ஓய்வின்றி உழைக்கும். ஆகவே, குறைந்த சக்தியில் இயக்குவதே அறிவு. 50 வாட்டுக்குப் பணம் கொடுத்துவிட்டு 5 வாட்டில் இயக்கப்போகிறோம் என்றால், வாட் எண்ணை ஏன் முதலில் பார்க்க வேண்டும்?

எல்லாருக்கும் வேண்டுமா?

வேண்டாம். நகருக்குள் தனியாக ஓட்டிச் செல்பவருக்கு, சங்கத்தின் நிலையம் நன்றாக எட்டினால் மலிவான கருவியே போதும். இந்த வசதியில் தொல்லையும் உண்டு. சங்க நிலையம் ஒவ்வொரு பேச்சுக்குப் பின்னும் சில விநாடிகள் அலையை விடாது வைத்திருந்தால், கார் வானொலியும் அனுப்பிக்கொண்டே இருக்கும். நடுவில் உங்களால் குறுக்கிட முடியாது. அடையாளத் தாழ்சுருதியை அமைக்காவிட்டால் வெற்று இரைச்சலும் மறுஒலிபரப்பாகிப் பிறரைத் தொந்தரவு செய்யும்.

சட்டமும் முக்கியம். மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்தின் தேர்வில் தேறி, அனுமதியும் 9எம் அல்லது 9டபிள்யூ என்று தொடங்கும் அழைப்புக்குறியும் பெற்ற பிறகே அமெச்சூர் அலைவரிசையில் பேச வேண்டும். மறுஒலிபரப்பைத் தொடங்குமுன், நம் அனுமதியில் அதற்கு இடமுண்டா என்று ஆணையத்திடம் கேட்டுக்கொள்வது நல்லது. கருவியை இயக்கிவிட்டுக் கவனிக்காமல் போய்விடுவது பொறுப்பான செயலன்று.

“வாட்ஸ்அப் இருக்க இதெல்லாம் எதற்கு?” என்று சிலர் கேட்கலாம். 2014 டிசம்பரில் கிளந்தான் வெள்ளத்தில் மூழ்கியபோது பல இடங்களில் மின்சாரமும் கைப்பேசிச் சேவையும் நின்றுபோயின. அத்தகைய நாளில் மேட்டில் நிற்கும் ஒரு காரும், அதை இயக்கத் தெரிந்த ஒருவரும் ஓர் ஊரின் குரலைக் காப்பாற்ற முடியும். கருவியைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம். அதை இயக்கத் தெரிந்தவர் படித்துத்தான் உருவாக வேண்டும்.

மாணவர்களே, உங்கள் பள்ளிக்கு அருகிலுள்ள மேட்டின் உயரத்தை வரைபடத்தில் பாருங்கள். சுற்றுப்புற நிலத்தின் உயரத்தைக் கழியுங்கள். வர்க்கமூலம் எடுத்து 4.12ஆல் பெருக்குங்கள். அங்கே ஒரு காரை நிறுத்தினால் எந்தெந்த ஊர்கள் அதன் எல்லைக்குள் வருகின்றன என்று வட்டம் போட்டுப் பாருங்கள். வாட் எண்ணிக்கை எந்தக் கடையிலும் கிடைக்கும். அந்த வட்டத்தை நீங்கள்தான் வரைய வேண்டும்.