விருந்தாளிக்கும் கடமை உண்டு

விருந்தோம்பலைப் பற்றித் தமிழனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை என்று நாம் பெருமை பேசுவதுண்டு. தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள் திருக்குறளின் ஒன்பதாம் அதிகாரத்தை ஒரு முறையாவது மனனம் செய்திருப்போம். அந்தப் பத்துக் குறளும் யாரை நோக்கிப் பேசுகின்றன என்று எண்ணிப் பாருங்கள். வீட்டுக்காரரை நோக்கித்தான். வந்தவரை எப்படி வரவேற்பது, எந்த முகத்தோடு உபசரிப்பது என்பதெல்லாம் அவருக்குச் சொல்லப்பட்டவை. வருகிறவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற கேள்வியை நாம் அவ்வளவாக எழுப்புவதில்லை.

இன்றைய மாணவர்களாகிய நமக்கு அந்தக் கேள்வி தேவைப்படுகிறது. கூடாரத்தையும் சமையல் அடுப்பையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு, எல்லை தாண்டி நாடு நாடாகத் தரைவழியே போவது நம் வயதினரிடையே பரவி வருகிறது. தங்கும் விடுதி இல்லாத இடங்களில் தங்குகிறோம். அங்கே கடையும் இருக்காது. ஆகவே யாரோ ஒருவருடைய நிலத்தில்தான் கூடாரம் அடிக்கிறோம். பல வேளைகளில் யாரோ ஒருவருடைய உணவைத்தான் உண்கிறோம். பணம் செலவழிக்காமல் எத்தனை நாள் ஓட்டினேன் என்பதைச் சாதனையாகக் காட்டும் காணொளிகளும் பெருகிவிட்டன. இவற்றைப் பார்க்கும்போது, விருந்தாளியின் கடமையைப் பற்றிப் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது என்றே நான் கருதுகிறேன்.

நான் பார்த்த ஓர் இடத்தைக் கொண்டு இதை விளக்க விரும்புகிறேன். 2024ஆம் ஆண்டு ஜூலை விடுமுறையில் நாங்கள் ஐந்து பேர் கசக்ஸ்தானின் அல்மாத்தி நகரிலிருந்து தரைவழியாகக் கிர்கிஸ்தானுக்குள் நுழைந்தோம். இரண்டு தமிழர், இரண்டு சீனர், ஒரு மலாய்த் தோழன். வாடகைக்கு எடுத்த நான்கு சக்கர இயக்க வண்டி ஒன்று, கூடாரங்கள் மூன்று. கொச்கோர் என்னும் சிற்றூரில் பொருள்கள் வாங்கிக்கொண்டு, 3,400 மீட்டருக்கு மேல் உயர்ந்த கணவாய் ஒன்றைக் கடந்து சொங் கோல் ஏரியை அடைந்தோம். கடல் மட்டத்திலிருந்து 3,016 மீட்டர் உயரத்தில் உள்ள ஏரி அது. அதைச் சுற்றிப் புல்வெளி மட்டுமே. மரம் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஜூன் மாதத்தில் ஆடு, மாடு, குதிரைகளோடு மேலே வரும் குடும்பங்கள் செப்டம்பரில் கீழே இறங்கிவிடும். இந்தக் கோடைகால மேய்ச்சல் நிலத்தை அவர்கள் ஜைலோ என்கிறார்கள். கம்பளி போர்த்திய வட்டக் குடில்களில் வாழ்கிறார்கள். அக்குடிலைச் செய்யும் மரபறிவை 2014இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

அப்படிப்பட்ட இடத்தில் விருந்தோம்பல் வெறும் நற்பண்பு மட்டுமன்று. கோடையிலும் இரவில் நீர் உறையும் குளிர் அடிக்கும். பகலில் திடீரென்று ஆலங்கட்டி மழை கொட்டும். அங்கே வழிப்போக்கனை வெளியே நிற்க விட்டால் அவன் உயிருக்கே ஆபத்து. இன்று நான் உனக்குச் சோறு போட்டால், நாளை என் மகன் மந்தையோடு உன் பக்கம் வரும்போது நீ அவனுக்குப் போடுவாய். இவ்வாறு தலைமுறை தலைமுறையாக ஓடிவந்த ஒரு கொடுக்கல் வாங்கல் இது. யாரும் கணக்கு எழுதி வைப்பதில்லை. ஆனாலும் கணக்கு இருக்கிறது.

இந்தச் சங்கிலி நம்மிடம் வந்ததும் அறுந்து போகிறது. நாம் உண்டுவிட்டு விமானம் ஏறிவிடுவோம். அந்தக் குடும்பத்தின் மகன் ஒருநாளும் நம் வீட்டு வாசலுக்கு வரப்போவதில்லை. வாங்குவது மட்டும் நடக்கிறது. திருப்பித் தருவது நடப்பதில்லை. அந்த ஊர்க்காரர் பெறும் விருந்தையும் நாம் பெறும் விருந்தையும் ஒன்றாக எண்ணக் கூடாது என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

நமக்குக் கிடைக்கும் அந்த ‘இலவச’ உணவின் பின்னால் என்ன இருக்கிறது என்பதையும் பார்ப்போம். விருந்தாளி வந்தவுடன் தரையில் ஒரு துணி விரிக்கப்படுகிறது. அதன் மேல் முதலில் வருவது ரொட்டி. அவர்கள் மொழியிலும் அதற்கு ‘நான்’ என்றே பெயர். நம் மாமாக் கடையில் கேட்கிறோமே, அதே சொல்தான். கோதுமை மாவு அந்த உயரத்தில் விளைவதில்லை. நாங்கள் கடந்து வந்த அதே கணவாய் வழியாக மூட்டை மூட்டையாகக் கீழிருந்து வர வேண்டும். சர்க்கரையும் தேயிலையும் அப்படியே. விறகு இல்லாததால் காய்ந்த சாணத்தை எரிக்கிறார்கள். அதைச் சேர்த்துக் காயவைத்து அடுக்குவது பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும் செய்யும் வேலை. ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள வரும் கைமாக் என்னும் பாலேடு, ஒரு குவளை எடுக்க நிறையப் பால் வேண்டும். குதிரைப் பாலைப் புளிக்க வைத்துச் செய்யும் கிமிஸ் இன்னும் கடினமானது. குட்டி பக்கத்தில் நின்றால்தான் தாய்க்குதிரை பால் சுரக்கும். ஒரு தடவைக்குக் கொஞ்சமே கிடைப்பதால் நாளுக்கு ஐந்தாறு முறை கறக்கிறார்கள். இத்தனை உழைப்பும் ஒரு கிண்ணத்தில் அடங்கி நம் கைக்கு வருகிறது.

ஏரிக்கரையில் மிதிவண்டிப் பயணி ஒருவரைச் சந்தித்தோம். எந்த நாட்டவர் என்பது இங்கு முக்கியமில்லை. பதினொரு நாளாக ஒரு காசும் செலவழிக்கவில்லை என்றும், ஒவ்வொரு வேளையும் ஏதாவது ஒரு குடிலில் சாப்பாடு கிடைத்துவிடுகிறது என்றும் மகிழ்ச்சியோடு சொன்னார். என் சீனத் தோழி பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்படியானால் யார் செலவழித்தது?” என்றாள். அவர் சிரித்து மழுப்பினார். அவள் நகைச்சுவைக்காகக் கேட்கவில்லை. செலவில்லாப் பயணம் என்று ஒன்று கிடையாது. செலவு நம் பையிலிருந்து போகவில்லை என்றால், நம்மைவிட வசதி குறைந்த ஒருவர் பையிலிருந்து போயிருக்கிறது. இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது?

இதற்கு நேர் எதிரான கூட்டமும் உண்டு. உடனடி மீ, டின் சார்டின், நெத்திலி சம்பல் என்று முழுப் பயணத்துக்கும் வேண்டியதை மலேசியாவிலிருந்தே கட்டிக்கொண்டு போய், கூடாரத்துக்குள்ளேயே உண்டு உறங்கித் திரும்புகிறவர்கள். ‘நாங்கள் யாருக்கும் பாரமாக இல்லையே’ என்பது அவர்கள் வாதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கிர்கிஸ் வீட்டில் உட்கார நேரமில்லாத வழிப்போக்கன்கூட ஒரு துண்டு ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அதுவும் வேண்டாம் என்றால் மனம் வருந்துவார்கள். உணவை மறுப்பது அவர்களையே மறுப்பதாகிவிடும். எனவே ஒன்றும் உண்ணாமல் ஒதுங்குவதும் நல்ல விருந்தாளிக்கு அழகன்று.

நம்மில் பலருக்கு உணவுக் கட்டுப்பாடு இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். நானும் மாட்டிறைச்சி உண்பதில்லை. அங்கோ ஆடு, மாடு, குதிரை மூன்றும் சமைப்பார்கள். போவதற்கு முன்பே இரண்டு சொற்களைக் கற்றுக்கொண்டேன்: ஆட்டிறைச்சிக்குக் ‘கொய் எதி’, மாட்டிறைச்சிக்கு ‘உய் எதி’. துணி விரிக்கும் முன்பே, சமைக்கத் தொடங்கும் முன்பே சொல்லிவிட்டால் யாருக்கும் சங்கடம் இல்லை. தட்டு முன்னால் வந்த பிறகு முகம் சுளிப்பதுதான் தவறு. என் மலாய்த் தோழன் கிமிஸ் புளித்த பால் என்பதால் அதை மட்டும் தவிர்த்து, தேநீரும் ரொட்டியும் எடுத்துக்கொண்டான். நெஞ்சில் கை வைத்து ‘ரக்மத்’ என்று நன்றி சொன்னான். மலாய் மொழியிலும் ‘ரஹ்மத்’ என்ற சொல் இருப்பதால் அவன் நாவில் அது எளிதாக வந்தது. வீட்டாரில் ஒருவரும் வருந்தவில்லை. ஒன்றை மறுக்கும்போது இன்னொன்றை மனமார ஏற்றுக்கொண்டால் போதும். சைவ உணவுக்காரருக்கும் அங்கே ரொட்டி, பாலேடு, தேநீர் உண்டு.

அடுத்ததாகப் பணத்தைப் பற்றிப் பேச வேண்டும். பணம் கொடுத்தால் விருந்தோம்பல் கெட்டுவிடும் என்பது ஒரு கட்சி. எல்லாவற்றுக்கும் விலை வைத்துவிட்டார்கள், பழைய கிர்கிஸ்தான் போய்விட்டது என்று சில பயணிகள் புலம்புவதையும் கேட்டிருக்கிறேன். இதை என்னால் ஏற்க முடியவில்லை. 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்த பின் கூட்டுப்பண்ணைகளும் கலைந்தன. மேய்ப்பர் குடும்பங்கள் மாதச் சம்பளத்தை இழந்தன. 2000ஆம் ஆண்டு வாக்கில் சுவிட்சர்லாந்தின் ஹெல்வெத்தாஸ் என்ற அமைப்பின் உதவியோடு, கொச்கோர் போன்ற ஊர்களில் மக்களே நடத்தும் சுற்றுலாக் குழுக்கள் தோன்றின. குடிலில் ஓர் இரவுக்கு இவ்வளவு, உணவுக்கு இவ்வளவு என்று விலை வைத்தார்கள். இது பண்பாட்டின் வீழ்ச்சி ஆகாது. சங்கிலியில் சேராத வெளிநாட்டுக்காரனிடமிருந்து திருப்பிப் பெறுவதற்கு அவர்கள் கண்ட நேர்மையான வழி இது. விலை சொன்ன இடத்தில் பேரம் பேசாமல் கொடுக்க வேண்டும். விருந்தாக அழைத்த இடத்தில் பணத்தை நீட்டாமல் பொருளாகக் கொடுக்க வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டு, விலை சொல்பவரிடம் ‘உங்கள் விருந்தோம்பல் எங்கே?’ என்று கேட்பது அநியாயம்.

நாங்கள் செய்தது இதுதான். கொச்கோர் சந்தையில் எங்களுக்கு வேண்டியதைவிடக் கூடுதலாக மாவு, சர்க்கரை, தேயிலை, பழங்கள் வாங்கினோம். ஏரிக்கரையில் கூடாரம் அடிக்கும் முன் பக்கத்துக் குடிலில் போய் இடம் கேட்டோம். அங்கிருந்த பாட்டி, குதிரைகள் கட்டும் இடத்தையும் தண்ணீர் எடுக்கும் இடத்தையும் கையால் சுட்டி, இவற்றை விட்டுத் தள்ளிப் போடுங்கள் என்று சைகை செய்தார். கேட்காமல் அடித்திருந்தால் பால் கறக்கும் இடத்திலேயே அடித்திருப்போம். மாலையில் அவரே எங்களை உள்ளே அழைத்தார். அங்கே ‘அபா’ என்றால் தாய். அப்படித்தான் அவரைக் கூப்பிட்டோம். தேநீரைக் கிண்ணத்தில் பாதிக்கும் குறைவாகவே ஊற்றினார். கஞ்சத்தனம் என்று நினைத்துவிடக் கூடாது. கிண்ணம் சிறிது சிறிதாகக் காலியானால்தான் மறுபடி மறுபடி ஊற்றலாம், விருந்தாளி நெடுநேரம் இருக்கலாம். எங்கள் பங்காக நெத்திலி சம்பலை வைத்தோம். கடலே இல்லாத நாட்டில் தாத்தா அதை ஒரு வாய் தின்றுவிட்டு, இரண்டு கிண்ணம் கிமிஸ் குடித்தார், வீடே சிரித்தது. மறுநாள் கிளம்பும்போது பணத்தைத் தொட மறுத்த அபா, மாவையும் பழங்களையும் மறுக்கவில்லை.

இதிலிருந்து நான் வகுத்துக்கொண்ட கடமைகள் எளியவை. நிலம் யாருடையது என்று கேட்ட பிறகே கூடாரம் அடிக்க வேண்டும். கொடுப்பதில் கொஞ்சமாவது உண்ண வேண்டும். உண்ண முடியாததை முன்கூட்டியே சொல்ல வேண்டும். ரொட்டியைக் கவிழ்த்து வைக்கக் கூடாது என்பது போன்ற அவர்கள் வழக்கங்களைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். வெறுங்கையோடு போகக் கூடாது. குப்பையைத் திரும்பக் கொண்டு வர வேண்டும். அந்த மலையில் குப்பை வண்டி வராது. ஒருவர் வீட்டில் உண்ட சோற்றைப் படம் பிடித்துப் பெருமை தேடும் முன், அவர் அனுமதியைக் கேட்க வேண்டும்.

எனினும் மாவும் சர்க்கரையும் கொடுத்ததோடு கடன் தீர்ந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை. அந்தச் சங்கிலி வாங்கியவருக்கே திருப்பிக் கொடுப்பதால் ஓடுவதில்லை. அடுத்து வருகிற வழிப்போக்கனுக்குக் கொடுப்பதால்தான் ஓடுகிறது. நமக்கு அடுத்து வருகிற வழிப்போக்கன் யார்? வெகுதூரம் தேட வேண்டாம். நம் பல்கலைக்கழக விடுதியில், நம் மாடியிலேயே வெளிநாட்டு மாணவர்கள் இருக்கிறார்கள். தீபாவளி விடுமுறைக்கு நாமெல்லாம் பேருந்து ஏறிவிட்ட பின், சிற்றுண்டிச்சாலையும் மூடிவிட, அறையில் தனியாக மீ அவித்து உண்கிறார்கள். அமைச்சர்களும் தலைவர்களும் வரும் திறந்த இல்ல உபசரிப்பைப் பற்றிப் பெருமையாகப் பேசும் நாம், பக்கத்து அறைக்காரரை வீட்டுக்கு அழைத்துப் போயிருக்கிறோமா?

நண்பர்களே, பயணம் போங்கள். கூடாரம் தூக்கிக்கொண்டு எத்தனை எல்லை வேண்டுமானாலும் கடந்து போங்கள். அங்கே யாரோ ஒருவர் உங்களுக்கு ரொட்டி பிய்த்துக் கொடுத்தால் நன்றியோடு உண்ணுங்கள். ஆனால் அதை இலவசம் என்று எண்ணிவிடாதீர்கள். அது கடன். ஊர் திரும்பிய பின் அடுத்த தீபாவளிக்கு உங்கள் வீட்டில் ஓர் இலை கூடுதலாகப் போடுங்கள்.